கூதிர் காலத்துக்கு ஒரு பை

போன ஐப்பசியில் என் தங்கை மகன் ஒரு ஸ்லீப்பிங் பேக்கோடு திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தான். எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் வேலை. கூட வேலை பார்க்கிற நாலு பேரோடு கோத்தகிரி பக்கம் மலையேறி, அனுமதி வாங்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். பையை உறையிலிருந்து உருவிக் கூடத்தில் விரித்தான். மேலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினான்.

"மைனஸ் பத்து தாங்குமாம் மாமா. கோத்தகிரியில அவ்ளோ குளிரா அடிக்கப் போவுது? இது போதும்ல?"

போதுமா என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் ஒருவன் மழைக்கால மலையில் படுக்கப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே அவனைக் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏலம் முடிந்து சரக்கு வெளியூருக்குக் கிளம்புகிற நேரம். ஒரு அக்கா தெர்மாகோல் பெட்டியில் வஞ்சிரம் அடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு படுகை உடைத்த ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ், மேலே ஒரு கோணி, பிறகு மூடி. மூடியின் இடுக்கு முழுக்க டேப் சுற்றினார். பெட்டி ஈரத் தரையில் இல்லை, ஒரு மரப்பலகையின் மேல் இருந்தது. "தரையில வச்சா அடியிலேர்ந்து கரைஞ்சுபூடும்" என்றார். ஸ்லீப்பிங் பேக் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்தப் பெட்டியைச் சுற்றியே இருந்தது.

வீடு திரும்பும்போது ஐஸ் பாளத்திலிருந்து உடைத்த துண்டுகள் இரண்டை வாங்கி வந்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும். தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டினோம். ஒன்றைச் சமையலறை மேடையில் தாம்பாளத்தில் வைத்தோம். இன்னொன்றை அவனுடைய ஸ்லீப்பிங் பேக்கின் நடுவில் வைத்துப் பையை நன்றாகச் சுருட்டினோம். அவனுக்கு முகம் வாடிவிட்டது. "மாமா, உள்ள சூடாயி சீக்கிரம் கரைஞ்சிடும், பை நாசமாயிடும்." மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தபோது மேடையில் இருந்த கவரில் குளிர்ந்த தண்ணீரும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டும்தான் மிச்சம். பைக்குள் இருந்தது விளிம்பு மட்டும் மழுங்கி அப்படியே கிடந்தது.

பையில் சூடு இல்லை. கம்பளியிலும் இல்லை, ரஜாயிலும் இல்லை. உள்ளே ஐஸ் இருந்தால் வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். உள்ளே மனிதன் இருந்தால் அவன் சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்தும். அடுப்பு உள்ளே படுத்திருக்கிறவன்தான். தூங்கும் உடம்பு எழுபது வாட் அளவுக்கு வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. அந்த எழுபது வாட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறோம் என்பதுதான் விஷயமெல்லாம். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிடாமல் படுத்தால் நல்ல பையிலும் நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

பிடித்து வைப்பது எது? துணியும் இல்லை, பஞ்சும் இல்லை. காற்று, அதுவும் அசையாத காற்று. ஒரு மீட்டர் கனத்துக்கு ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் கடக்கிறது என்பதை வெப்பக் கடத்துதிறன் என்பார்கள். அசையாத காற்றுக்கு அது 0.026. தண்ணீருக்கு 0.6, அதாவது காற்றைப் போல இருபத்து மூன்று மடங்கு. இரும்புக்கு ஐம்பதுக்கு மேல். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் நிற்காது. சூடானது மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். ஆகவே அதைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து அசையவிடாமல் வைக்க வேண்டும். தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றுதான், மிச்சம் இரண்டு பங்குதான் பிளாஸ்டிக். அந்த இரண்டு பங்கின் வேலை காற்றைக் காவல் காப்பது.

இந்த உத்தி நம் கடற்கரைக்குப் புதிதில்லை. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி 180 டன் ஏரிப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். வெயில் கொளுத்தும் கடலில் நான்கு மாதப் பயணம். போய்ச் சேர்ந்தபோதும் ஏறக்குறைய நூறு டன் கரையாமல் இருந்தது. பின்னால் மதராஸுக்கும் அந்த ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் மெரினாவில் இன்றைக்கும் நிற்கிற ஐஸ் ஹவுஸ். இந்த வியாபாரத்தில் பனிக்கட்டியைக் காப்பாற்றியது மரத்தூள். தூளுக்கும் தூளுக்கும் இடையில் சிக்கிக்கொண்ட காற்று.

இன்று எண்ணூரில் அதே உத்தி பிரமாண்டமாக நிற்கிறது. காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் திறந்த எல்என்ஜி முனையத்துக்கு வரும் எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் திரவமாக இருக்கிறது. இத்தகைய தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர் கொண்டவை. நடுவில் பெர்லைட்டைக் கொட்டி நிரப்புவது வழக்கம். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிக்கல்லைச் சூட்டில் பொரித்து எடுப்பது. அரிசி பொரியாவது மாதிரி, உள்ளே காற்றறைகளோடு பலமடங்கு உப்பிவிடும். அந்தப் பக்கம் தினமும் பைக்கில் போய்வருகிற என் மருமகன், ஒரு ராட்சத ஸ்லீப்பிங் பேக்கைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறான்.

இனி அவன் பைக்கு வருகிறேன். எவ்வளவு கனத்துக்குக் காற்று வேண்டும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஐப்பசியில் சென்னை ராத்திரி 25 டிகிரி என்றால், சுமார் 1,800 மீட்டரில் இருக்கும் கோத்தகிரியில் 13. இன்னும் மேலே ஊட்டி உயரத்தில் 10. காற்றுக்கும் தூறலுக்கும் கொஞ்சம் இடம்விட்டு 8 என்று வைத்துக்கொண்டோம். தோலின் சூடு 33. இடைவெளி 25 டிகிரி. மூச்சிலும் வியர்வையிலும் போவதைக் கழித்தால் உடம்பின் ஒன்றே முக்கால் சதுர மீட்டர் வழியாக 55 வாட் வாக்கில் வெளியேறலாம், அதற்கு மேல் போனால் நடுங்கும். பைக்குள் அடைபட்ட காற்று முழுக்க அசையாமல் நிற்காது என்பதற்கும் இடம்விட்டால், கணக்கு சுமார் மூன்று சென்டிமீட்டரில் வந்து நிற்கிறது. உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை உப்பல். உண்மையிலேயே மைனஸ் பத்து என்றால் ஐந்தரை சென்டிமீட்டர் வேண்டும். அவன் பையை உதறி, ஒரு மணி நேரம் உப்பவிட்டு, மேல்பாதியின் கனத்தை ஸ்கேல் வைத்து அளந்தோம். மூன்றரை.

அப்படியானால் மைனஸ் பத்து எங்கிருந்து வந்தது? பையின் உட்பக்கத் தையலில் ஒரு சின்னத் துணிச்சீட்டு இருந்தது. அதில் மூன்று எண்கள்: 8, 4, மைனஸ் 10. இப்படி மூன்றாகக் குறிப்பது ஐரோப்பாவில் 2002-ல் வந்த முறை, இப்போது ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரம். வெப்பமூட்டிய ஆளுயரப் பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்து அளப்பார்கள். முதல் எண், சராசரிப் பெண் ஒருவர் கைகால் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ ராத்திரியைக் கடத்தும் எல்லை. மூன்றாவது, ஆறு மணி நேரம் நடுங்கிக்கொண்டே உயிர் தப்புவதற்கான எண். அந்த மூன்றாவது எண்ணைத்தான் வெளியே பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது முதல் எண். பிறந்ததிலிருந்து குளிரே பார்க்காத கடற்கரை ஊர்க்காரர்கள், ஆணாக இருந்தாலும் அதையே பார்ப்பது நல்லது. அது தையலில் இல்லாத பையை நான் வாங்கமாட்டேன்.

ஆக, 8 டிகிரி. கணக்குக்குச் சரியாக இருக்கிறதே என்று அவன் நிம்மதியானான். எனக்கு நிம்மதி வரவில்லை. அந்தப் பொம்மை காய்ந்த அறையில், காய்ந்த பையில், மெத்துவிரிப்பின் மேல், முழுக்கை உள்ளாடையும் காலுறையும் போட்டுப் படுத்திருந்தது. பொம்மைக்கு வியர்ப்பதும் இல்லை.

மேல்நாட்டில் சில இடங்களில் இலையுதிர் காலம் என்றால் வறண்ட குளிர், தெளிந்த வானம். நமக்கு அதே மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். பழந்தமிழில் அதற்குக் கூதிர் என்று பெயர். வடகிழக்குப் பருவமழை, மூடுபனி, ஓயாத தூறல். நக்கீரரின் நெடுநல்வாடை கூதிரின் பாட்டு. அதில் மழையில் நனைந்த இடையர்கள் கொள்ளிக்கட்டையில் கை காய்ச்சியும் தாடை நடுங்குகிறார்கள். அரண்மனைக்குள் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை இருக்கிறது. தூவி என்பது பறவையின் மேல்சிறகுக்கு அடியில், தோலை ஒட்டி இருக்கும் மென்மயிர். விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்குகளில் அடைப்பதும் அதே தூவிதான், வாத்தினுடையது அல்லது பெருவாத்தினுடையது. கூரைக்குக் கீழே இருக்கும் வரை அதற்கு இணை இல்லை. நல்ல தூவி 28 கிராம், பதின்மூன்று லிட்டர் இடத்துக்கு உப்பும். அமுக்கினால் ஒரு கைப்பிடி.

நனைந்தால் என்ன ஆகும்?

எண்ணூர்க்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் கருப்புப் படிந்த சிறகோடு நின்றன. ஒரு வெள்ளைப் பறவை தன் மார்பைத் தானே கோதிக் கோதி, அலகையும் கருப்பாக்கிக்கொண்டதை நான் படகிலிருந்து பார்த்தேன். இன்றும் அது மனசை விட்டுப் போகவில்லை. பறவையின் மேல்சிறகில் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், கூரையில் ஓடு ஓட்டைப் பிடிப்பது போல. அதனால்தான் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, தூவி காய்ந்திருக்கிறது, காற்று அடைபட்டிருக்கிறது. எண்ணெய் பட்டதும் இழைகள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். கூரை பிரிந்துவிடும். தண்ணீர் தோல் வரைக்கும் போகும். தண்ணீரில் மிதந்தபடியே அந்தப் பறவை தன் உடற்சூட்டை இழக்கத் தொடங்கும்.

மனிதன் பறவையிடமிருந்து தூவியை மட்டும்தான் எடுத்துக்கொண்டான். கொக்கி வைத்த மேற்கூரையை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக மெல்லிய நைலான் துணி போட்டிருக்கிறோம். சாரலுக்குச் சற்று நேரம் தாங்கும், அவ்வளவுதான். நனைந்த தூவி மாவு பிசைந்த மாதிரி உருண்டுவிடும், உப்பல் போய்விடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். 0.026 இருந்த இடத்தில் 0.6. ஒரு முறை நனைந்தால் ஐப்பசி மலையில் அதைக் காயவைக்க வெயிலும் கிடைக்காது.

மழை மட்டும்தான் நனைக்கும் என்றும் இல்லை. வேர்வையாகத் தெரியாமலே தோலும் மூச்சும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வாக்கில் நீராவி விடுகின்றன. ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பைக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கினால் மூச்சின் ஈரமும் அதற்குள்ளேயே போகும். முகம் வெளியே இருக்கட்டும், தலைக்குக் குரங்குக் குல்லா போதும். வெளிக்காற்று வறண்டிருந்தால் இந்த ஈரம் வெளியேறிவிடும். மேகத்துக்குள் கூடாரம் போட்டால் எங்கே போகும்?

அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் மலைகளுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பாலியெஸ்டர் இழை அடைத்த பை. அதன் இழை தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு ஈரம்கூட உறிஞ்சாது. பல இழைகள் உள்ளே குழலாக இருக்கும், அந்தக் குழலுக்குள்ளும் காற்று. நனைந்தாலும் பிழிந்து உதறினால் பாதிக்கு மேல் உப்பல் திரும்பிவிடும். தூவியைவிடக் கனம், மடித்தால் இடத்தை அடைக்கும், நாலைந்து வருடத்தில் தளர்ந்துபோகும். எல்லாம் உண்மை. ஆனால் 8 டிகிரிக்குத் தேவைப்படும் பையில் அந்தக் கனம் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிவிடும். இமயமலைக்கு அக்டோபரில் போகிறவர்கள் கதை வேறு. அங்கே பருவமழை விலகியிருக்கும், 3,500 மீட்டரில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பூஜ்ய டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஐந்து கிராம் நீராவிகூடத் தாங்காது, 25 டிகிரியில் 23 கிராம் தாங்கும். அந்த வறண்ட குளிரில் தூவிதான் ராஜா. வருடத்துக்கு ஒரு தரம் போகிறவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தூவிப் பையை வாங்கச் சொல்லாததற்கு இன்னொரு காரணம் எங்கள் ஊர்க்காற்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள், மொட்டைமாடியில் போட்ட துணி ஏன் முழுசாகக் காய்வதே இல்லை என்று யோசித்திருப்பார்கள். அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூசியாகித் துணியில் படிகின்றன. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கும். ஐப்பசியில் நம் வீட்டு ஈரப்பதம் அதைவிட எப்போதும் மேலேதான். ஆகவே உப்பு ஏறிய துணி ஒரு தண்ணீர்க் குடம். ஜிப்பின் உலோக ஓட்டியும் இப்படித்தான் பூத்துப்போய் நடு ராத்திரியில் மாட்டிக்கொள்ளும். கடைக்குப் போனால் பிளாஸ்டிக் பல்லும் துருப்பிடிக்காத ஓட்டியும் இருக்கிறதா என்று ஏழெட்டுத் தரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஜிப்பின் உள்பக்கம் முழுநீளத்துக்கும் பஞ்சடைத்த பட்டை ஒன்று ஓட வேண்டும். இல்லாவிட்டால் காசிமேட்டு அக்கா டேப் ஒட்டாமல் விட்ட மூடிதான் அது.

அளவும் முக்கியம். தோளில் பிடித்துக்கொண்டால் பஞ்சு அமுங்கி உப்பல் போகும். தொளதொளவென்று இருந்தால், புரளும்போதெல்லாம் சூடான காற்று கழுத்து வழியே வெளியே போய்க் குளிர்ந்தது உள்ளே வரும். தோள் அகன்று கால் குறுகிய வடிவம், கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு, இந்த இரண்டும் இருந்தால் போதும்.

இப்போது அந்த அக்காவின் பலகைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். படுத்தவுடன் முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் இருக்கும் பஞ்சு முழுக்க அமுங்கிவிடுகிறது. மேலே மூன்றரை சென்டிமீட்டர், கீழே சில மில்லிமீட்டர். அதற்குக் கீழே மழையில் ஊறிய மண், வெப்பத்தை அசையாத காற்றைவிடப் பலபத்து மடங்கு வேகமாகக் கடத்தும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையும் இந்தப் பக்கத்தில் கையாலாகாதது. விரிப்புதான் காப்பாற்ற வேண்டும்.

மருமகன் இதற்கு வீட்டிலிருந்த பழைய ஸ்பஞ்ச் மெத்தையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அவன் கையிலிருந்த துண்டை அப்படியே பக்கெட்டில் அமுக்கினேன். எடுத்தபோது தண்ணீர் கொட்டியது. மெத்தை ஸ்பஞ்ச் பாலியூரித்தேன் நுரை. அதன் மூலப்பொருளான பாலியால் நம் மணலியிலேயே தயாராகிறது. உட்கார, படுக்க அருமையான பொருள், ஆனால் அதன் அறைகள் ஒன்றுக்கொன்று திறந்தவை. காற்றும் ஓடும், தண்ணீரும் ஏறும். கூடாரத்துக்கு வேண்டியது ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாக மூடியிருக்கும் நுரை, யோகா பாய் வகை. பக்கெட்டில் அமுக்கிப் பார்த்தால் துள்ளி மேலே வரும். கனம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கையிருப்புப் பணம் பைக்கும் விரிப்புக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால், பையில் குறைத்து விரிப்பில் போடச் சொல்வேன்.

கடைசியில் அவன் அந்தப் பையை மாற்றவில்லை. பாலியெஸ்டர் பைதான், முதல் எண் 8, தொழில் தெரிந்து தைத்தது. கூட எடுத்துப்போனது ஒரு மூடுகுமிழ் விரிப்பு, மாற்றிக்கொள்ளப் பிளாஸ்டிக் கவரில் தனியாகக் கட்டிய ஒரு ஜோடி காய்ந்த உடுப்பு, அவன் அம்மா கொடுத்தனுப்பிய கடலை உருண்டை. பையை உர மூட்டையின் உள்ளுறைப் பிளாஸ்டிக்கில் போட்டுத்தான் முதுகுப்பைக்குள் வைத்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி திரும்பி வந்தான். இரண்டு ராத்திரியும் தூறல்தானாம். பையின் கால்மாடு கூடாரத் துணியில் பட்டு நனைந்திருந்தது, மற்றபடி தூங்கினேன் என்றான். மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினவனை நிறுத்தினேன். வாடைக்காற்று நாள் பூராவும் கடல் பக்கத்திலிருந்து அடிக்கிற மாதம் அது. கூடத்தில் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டு, உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிட்டோம். இரண்டு நாள் காய்ந்தது. அது வந்த சின்ன உறையில் மறுபடி திணிக்க வேண்டாம், அமுங்கியே கிடந்தால் இழை செத்துப்போகும் என்றேன். அவன் அம்மா தன் பழைய நூல்புடவையை இரண்டாக மடித்துத் தைத்து ஒரு பெரிய பை பண்ணினாள். அதற்குள் தளர்வாகப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், சுவரை ஒட்டாமல் வைத்திருக்கிறோம்.